பலூனில் இல்லாத வரி

சித்திரக்கதையைச் சத்தமாக வாசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, சார். பலருக்கும் அது தெரிவதில்லை. வட்டமான பலூனில் இருப்பது பேச்சு. சுருள் சுருளாக மேகம் மாதிரி இருந்து, கீழே குமிழ் குமிழாக இறங்கினால் அது நினைப்பு. அதைக் குரலைத் தாழ்த்தித்தான் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் வில்லனுக்குக் கேட்டுவிட்டது என்று பிள்ளைகள் பதறுவார்கள். ஓரம் முள் முள்ளாக இருந்தால் கத்தல். படத்துக்கு மேலே கட்டத்துக்குள் இருப்பது யாருடைய பேச்சும் இல்லை, கதை சொல்கிறவனுடையது. அதை நான் சபையில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசிப்பேன். அந்தக் குரலை எனக்குப் பழக்கிக் கொடுத்தது நீங்கள்தான்.

நேற்று நீங்கள் லாட்ஜ் வாசலில் வந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"யோசுவா, அன்னைக்கு கல்லாத்துல நான் உங்கிட்ட கேட்டேன், இல்லியா? இல்ல, கேட்டதாட்டு நானே நெனச்சுக்கிட்டு இருக்கேனா?"

உள்ளே ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. படியில் உட்கார்ந்து, நீங்கள் குடையை மடக்கிக்கொண்டு தம்பானூர் பஸ் நிலையத்தின் பக்கமாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு உண்டான பதிலைச் சொல்லத்தான் இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பதில் சின்னதுதான். ஆனால் அதை மட்டும் எடுத்துச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஞாயிறு பள்ளி என்றால் ராஜையன் சார் என்று சொன்ன சபை, மே மாதத்துக்குப் பிறகு உங்களை 'அந்த சார்' என்கிறது. ஆராதனை முடிந்தால் உங்களோடு நின்று பேச ஆள் இல்லை. நான் பாட்டுக்காரர்களின் பெஞ்சிலிருந்து அதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. முகம் சிவக்கிற வெட்கம் இல்லை, சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போ என்கிற வெட்கம்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். லாட்ஜுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான வரிசை வீடுகள். அப்பா அங்கே வாட்ச்மேன். அடுத்த வீட்டுச் செல்லபாய் மாமி படுக்கை விரிப்புகள் துவைக்கிறவர். மாமிக்கு லிபின் ஒரே பிள்ளை, என்னைவிடச் சிறியவன். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் பேச்சு தமிழ்தான். ஆனால் பிள்ளைகள் முழுக்க மலையாளப் பள்ளிக்கூடம். பேசத் தெரியும், பாடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நாகர்கோவில் பஸ்ஸின் போர்டைக்கூட நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார்கள். நான் மட்டும் ஐந்தாம் வகுப்புவரை மார்த்தாண்டத்தில் பெரியப்பா வீட்டில் தங்கித் தமிழில் படித்தவன்.

அது இங்கே வந்த பிறகு எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் பின் பெஞ்சில் 'பாண்டி' என்று சிரிப்பார்கள். நான் சொல்லும் மலையாளத்தில் ஏதோ ஒன்று எப்போதும் தப்பாகவே இருந்தது. ஆகவே வாயைத் திறக்காமல் இருக்கப் பழகினேன். லாட்ஜின் மொட்டை மாடியில்தான் எனக்குக் குரல் இருந்தது.

மாதத்துக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம், நாகர்கோவிலிலிருந்து பத்திரிகைக் கட்டோடு பஸ்ஸில் வரும். பஸ் நிலையத்தில் பத்திரிகை விற்கிற பிச்சுமணி அண்ணனின் கடைக்கு இரண்டு மூன்று பிரதிதான். ஒன்றை எனக்காக ஒதுக்கி வைப்பதாகச் சொல்வார், ஆனால் தென்காசிக்குப் போகிற யாராவது கேட்டால் கொடுத்தும் விடுவார். அந்தப் பயம் ஒன்று. மழைக்காலத்தில் கட்டு நனைந்து வரும், அட்டைச் சிவப்பு உள்பக்கத்தில் இறங்கிவிடும். அது இன்னொரு பயம். சில மாதம் புத்தகமே வராது. அடுத்த இதழில் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று போட்டிருப்பார்கள். கம்பெனியை மூடிவிடுவார்களோ என்று நான் அந்த நாட்களில் ஜெபம் பண்ணியிருக்கிறேன். நீங்கள் தேர்வுக்கு ஜெபிக்கச் சொன்ன நேரத்தில்கூட நான் அதற்குத்தான் ஜெபித்தேன்.

புத்தகம் கைக்கு வந்ததும் துருப்பிடிக்கிற பின்னைக் கழற்றி, அம்மாவின் ஊசியால் நடுவில் தைத்து, காலண்டர் தாளில் அட்டை போடுவேன். விரலை நக்கிப் பக்கம் புரட்டினால் அடி. முதலில் தனியாக ஒரு தடவை வாசித்து யாருக்கு என்ன குரல் என்று முடிவு பண்ணிக்கொள்வேன். பிறகு மாலையில் மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், அப்போதுதான் பிரிப்பவன் மாதிரிப் பிரிப்பேன்.

எங்கள் ஆள் கேப்டன் டோர்வால். பாய்மரக் கப்பல், ஒரு கண்ணுக்கு மேலே வெட்டுத் தழும்பு, யாருக்கும் அடங்காத வாய். வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள் என்றாலும், கேட்கத் தெரிந்தவன் லிபின்தான். போன இதழில் கேப்டன் எந்தக் கையில் காயம்பட்டார் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கும். நான் குரலைத் தாழ்த்தினால் மூச்சைப் பிடித்துக்கொள்வான். நான் நன்றாக வாசித்தேன் என்பது அவன் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

நான் கதையை மாற்றியிருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை. முதலில் சின்னச் சின்னதாகத்தான். புத்தகத் தமிழ் சிலது அவர்களுக்குப் புரியாது, அதை எங்கள் பேச்சில் போட்டுச் சொல்வேன். பக்கம் கிழிந்திருந்தால் நடுவில் நடந்ததை நானே சொல்லி ஒட்டுவேன். ஒரு இதழில் கேப்டனின் சமையல்காரக் கிழவன் குண்டு பட்டுச் செத்தான். லிபின் உதட்டைக் கடிப்பதைப் பார்த்து, மயக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு இதழிலும் படத்தில் இல்லாத ஆளுக்கு நான் சாக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ரொம்ப நாள் அந்தக் கிழவன் அடுப்படியிலேயே இருந்தான். இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லை.

லிபினுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. தொண்ணூற்றாறில் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் வகுப்பிலேயே விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றி, கூட்டிக் கொடுத்தார்கள். வலிப்பு நின்றது. ஆனால் பிள்ளை எந்நேரமும் தூக்கம். பழகப் பழகச் சரியாகும், பொறுத்திருங்கள் என்று டாக்டர் மாமியிடம் சொல்லியிருந்தார். எனக்கும் அது தெரியும்.

தீபாவளி மலர் வந்த மாலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கெட்டிப் புத்தகம், அட்டையில் புயல். நான் தனியாக மூன்று தடவை வாசித்துப் பழகியிருந்தேன். மூன்றாவது பக்கம் திரும்பும்போது லிபின் தொட்டியில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி எனக்குக் காது சுட்டது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. நேரத்தை மாற்றிப் பார்த்தேன், ஞாயிறு பள்ளி முடிந்து பகலில் வாசித்துப் பார்த்தேன். "சாரி அண்ணா, கண்ணு தானாட்டு அடையுது" என்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மருந்தின்மேல்தான் கோபம். அந்த நாட்களில் நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து வந்த இதழில் ஒரு பக்கம் இருந்தது. கேப்டன் காயம்பட்டுக் கப்பலின் உள்ளறையில் படுத்திருக்கிறார். கொள்ளைக்காரர்களிடம் விலைபோன டாக்டர் ஒருவன் குப்பியிலிருந்து மாத்திரை கொடுக்கிறான். அடுத்த படத்தில் கேப்டனின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. அதற்கு அடுத்ததில் வட்டச் சன்னல் வழியாகக் கடலில் துப்புகிறார். புத்தகத்தில் அது விஷம். வேறு ஒன்றும் இல்லை.

அன்று லிபினுக்குத் தூக்கம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். விஷம் என்று நான் வாசிக்கவில்லை. கேப்டனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு என்று வாசித்தேன். அவரைத் தூங்கவைத்துக் கப்பலைப் பிடிப்பதற்காக டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுக்கிறான் என்று வாசித்தேன்.

லிபின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, கேப்டனுக்கும் வலிப்பா?"

"ஆமாடே. சின்னதுல இருந்தே உண்டு."

"எங்க எழுதியிருக்கு? காட்டு."

காட்டினேன். பலூனுக்குக் கீழே விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தி வாசித்தேன். அவன் என் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான், உதடும் கூடவே அசைந்தது. அந்தப் பலூனில் உண்மையில் இருந்தது, 'காற்று திரும்புகிறது, பாய்களை இறக்கச் சொல்' என்பது. மேலே கட்டத்துக்குள் ஊரின் பெயரும் பொழுதும் மட்டும்தான் போட்டிருந்தது. அதை நான் உங்கள் குரலில் வாசித்தேன், சார். 'மாத்திரையைத் துப்பிய பிறகு கேப்டனின் கண்கள் தெளிந்தன. இந்த இரகசியத்தை அவர் எவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது பலிக்காது' என்று வாசித்தேன். வேதபாடத்தில் ஒரு சொல்லைக் கூட்டினதற்காக நீங்கள் ஒரு தடவை என்னை எல்லார் முன்னாலும் திருத்தினீர்கள். அன்று மாடியில் என்னைத் திருத்த யாரும் இல்லை.

மருந்தை நிறுத்து என்று நான் லிபினிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். நான் கேப்டனைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. லிபின் மெல்ல மெல்ல விழித்துக்கொண்டான். கண்ணில் வெளிச்சம் வந்தது. நடுவில் மறித்துக் கேள்வி கேட்டான், எனக்கு முன்னால் அடுத்த பக்கத்தை ஊகித்தான், சரியாகவும் ஊகித்தான். ஒரு மாலை என்னைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், கைப்பிடிச் சுவரில் ஒரு ஓட்டைச் செங்கலைக் காட்டினான். உள்ளே வெள்ளை மாத்திரைகள், எச்சிலில் பாதி கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

"அம்ம கண்டுபிடிக்கல்ல. நீ யார்ட்டயும் சொல்லாத அண்ணா. சொன்னா பலிக்காதுல்லா?"

"சொல்ல மாட்டேன்டே" என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன்.

அங்கேயே, அப்போதே, இது புத்தகத்தில் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொன்னால் அதுவரை வாசித்த எல்லாவற்றின்மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுப்படிக் கிழவன் செத்துப்போனது தெரிந்துவிடும். இவன் என்னை நம்பமாட்டான் என்பது ஒரு கவலை. இவனுக்கு மறுபடி வலிப்பு வரும் என்பது இன்னொரு கவலை. முதல் கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் கதை நடுவில் அவன் கண் ஒரு பக்கமாக நிலைத்து நின்றது. கையிலிருந்த கடலைப் பொட்டலம் சரிந்து கொட்டியது. கூப்பிட்டால் கேட்கவில்லை. பிறகு உதட்டை நக்கிக்கொண்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன் மாதிரிச் சுற்றிப் பார்த்தான். கதையில் மூழ்கிவிட்டான் என்று நினைத்து நான் தொடர்ந்து வாசித்தேன். சரியாகச் சொன்னால், அப்படி நினைக்க விரும்பினேன்.

ஈஸ்டருக்குச் செல்லபாய் மாமி சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னார்.

"எனக்க பிள்ளைக்கு கர்த்தர் சொகம் தந்தாரு. இப்பம் அவன் தூங்கி விழுறதில்ல. பள்ளிக்கூடத்துல சாருமாரு எல்லாம் நல்லாட்டு சொல்லுதாவ. மருந்தும் ஜெபமுமாட்டு எனக்க பிள்ளை பெழச்சான்."

நீங்கள் 'ஆமென்' என்றீர்கள். எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். லிபின் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது, சார். இந்த முழுக் கதையிலும் நான் மிகவும் வெட்கப்படுவது அந்தப் பெருமைக்குத்தான்.

மே மாதம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பொன்முடிக்குக் கூட்டிக்கொண்டுபோனீர்கள். மாமிக்கு அன்று லாட்ஜில் கல்யாணக் கூட்டம், வர முடியவில்லை. வேனின் படியில் நின்று உங்களிடம் அவர் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன்.

"சாரே, தண்ணி கண்டா ஒண்ணு பாத்துக்கிடணும். மருந்து தின்னா கொழப்பம் இல்லேன்னுதான் டாக்டர் சொன்னது. ஒரு நேரம் தப்பினாலும் எறக்கப்படாது, கேட்டீளா."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மலை இறங்கிக் கல்லாற்றில் வேனை நிறுத்தினபோது, பிள்ளைகள் எல்லாரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். லிபின் மட்டும் பாறையில் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தான். டீக்கடைப் பக்கமாக என்னைத் தனியே அழைத்தீர்கள்.

நீங்கள் கேட்டீர்கள், சார். நீங்களாக நினைத்துக்கொண்டது இல்லை. என் தோளில் கை வைத்துக் கேட்டீர்கள்.

"யோசுவா, நீ அடுத்த வீடுல்லா, உனக்கு தெரியும். இவன் ஒழுங்காட்டு மருந்து திங்கானா? இன்னைக்கு தின்னானா?"

"திங்கான் சார். காலையிலகூட நான் கண்டேன்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அது. தின்னவில்லை என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அங்கேயிருந்து செங்கல் ஓட்டைக்கும், செங்கலிலிருந்து புத்தகத்துக்கும் வந்துவிடுவீர்கள். நீங்கள் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். அந்தப் பக்கத்தைப் பிரித்து ஒரு தடவை பார்த்தால் போதும். அதோடு, எல்லாரும் குளிக்கும்போது அவனைக் கரையில் உட்காரவைத்தால் அவனுக்குச் சங்கடமாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவனுக்காகவும் ஒரு துளி யோசித்திருக்கிறேன் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முழங்காலுக்குமேல் போகாதே என்று சொல்லி நீங்கள் அவனை இறக்கினீர்கள். அவன் அதற்குமேல் போகவும் இல்லை. தண்ணீருக்குள் இருந்த ஒரு சின்னக் கல்லின்மேல் ஏறி, கேப்டன் கட்டளையிடுகிற மாதிரிக் கையை நீட்டினான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார்கள். நீட்டின கை அப்படியே நின்றது. நடிக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கண் ஒரு பக்கமாக நிலைத்திருப்பதை நான் பார்த்தேன். அந்தக் கண்ணை அதற்கு முன்பு பார்த்திருந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

கத்தியிருக்கலாம். கத்தினால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே என்று தோன்றியது. அது தோன்றி முடிவதற்குள் அவன் குப்புற விழுந்து, ஆற்றின் இழுப்பு அவனைப் பாறை இடுக்குக்குள் கொண்டுபோய்விட்டது. நீங்கள் செருப்போடும் கண்ணாடியோடும் குதித்தீர்கள். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கு என்னைவிடத் தெரியும்.

அடக்கத்தன்று மாமி உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "உங்கள நம்பித்தானே சாரே விட்டேன். எனக்க பிள்ளைய ஏன் எறக்குனீரு?" நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. 'மருந்து தின்னான்னு யோசுவாதான் சொன்னான்' என்று உங்கள் வாயில் வரவில்லை. சபைக் கமிட்டி கூப்பிட்டுக் கேட்டபோதும் என் பெயரை எடுக்கவில்லை. ஒரு பையன்மேல் பழியைப் போடவேண்டாம் என்று நினைத்திருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லாமலே உள்ளே வைத்திருந்ததனால்தான், அப்படி ஒன்று நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. மே மாதத்திலிருந்து நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்கு முன்னால் நின்று வேதபாடம் வாசித்திருக்கிறேன். நிறுத்தி நிறுத்தி, நன்றாகவே வாசித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொன்னால்தான் முழுசாகும்.

ஜூன் மழையில் ஒரு நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் புத்தகம். லிபின் என்னிடம் கேட்டு வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்திருந்திருக்கிறான்.

"மக்ளே, இத எனக்கு ஒண்ணு படிச்சு தா. எனக்கும் கேப்டனுக்கும் ஒரே சீக்கு அம்மேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நான் வேல சோலியில காது குடுக்கல்ல. அந்த எடம் எதுன்னு எனக்கு கேக்கணும்."

எங்கள் வீட்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டார். புத்தகத்தில் உள்ளபடி வாசித்தால் அதில் வலிப்பு இல்லை, நான் பொய்யன் என்று ஆகும். லிபினுக்கு வாசித்த மாதிரி வாசித்தால் மாமிக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால் நான் மூன்றாவதாக ஒன்று வாசித்தேன். கேப்டனுக்கு வலிப்பு உண்டு, நல்ல டாக்டர் மாத்திரை கொடுக்கிறார், கேப்டன் காலையும் மாலையும் தவறாமல் தின்று சுகமாகிறார். கடலில் துப்புகிற படம் வந்தபோது, கேப்டன் சன்னல் வழியாகக் கரையைப் பார்க்கிறார் என்று சொன்னேன். மாமி அந்தப் படத்தை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"புஸ்தகம் நல்லதத்தான் சொல்லியிருக்கு. எனக்க பிள்ளையும் அதுபோலத்தானே தின்னான். அந்தச் சாரு மட்டும் தண்ணியில எறக்காம இருந்திருந்தா" என்றார். முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் அவரைத் திருத்தவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமி வருகிறார், பழைய இதழ்களை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறோம். லிபின் எந்த இடத்தில் சிரித்தான், எந்த இடத்தில் பயந்தான் என்று கேட்பார். நான் சொல்வேன். அவன் இல்லாத இதழ்களிலும் அவன் சிரித்த இடத்தைச் சொல்வேன். மாமிக்கு முகம் தெளிந்திருக்கிறது, பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

இதுதான், சார். நீங்கள் கேட்டது சத்தியம். நான் சொன்னது பொய். அவன் மருந்தை நிறுத்தினது என்னால், தண்ணீரில் இறங்கினது என்னால், அவன் நின்ற நிலையைப் பார்த்தும் வாயைத் திறக்காதது நான். லிபினைக் கொன்றது நீங்கள் இல்லை, நான். உங்கள் மனசு ஆறட்டும் என்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கும் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

நாளைக்கு ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறது என்று அப்பா சொன்னார். உங்கள் பெயரைச் சபைப் பொறுப்பிலிருந்து அடியோடு எடுக்கப்போகிறார்களாம். மாமியையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே உங்களிடம் மறுபடியும் கேட்பார்கள். நீங்கள் முன்பு மாதிரியே பேசாமல் இருந்துவிட வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை, மாமிக்காகத்தான் கேட்கிறேன். நீங்கள் படித்தவர், வேறு சபைக்குப் போகலாம், உங்களுக்கு ஆறுதல் எங்கேயும் கிடைக்கும். ஆனால் இது மாமியின் காதுக்குப் போனால் அவர் அப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறமாட்டார். எழுத்துத் தெரியாத அந்த மனுஷிக்கு உள்ளதை உள்ளபடி வாசித்துக் கொடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சார்.